டைல்ஸ் ஒட்டி முடியும்வரை ஏன் பொறுக்கச் சொல்கிறோம்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குள் குளியல் தொட்டிக்குக் கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்று தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் பலர் வருகிறீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அளவெடுக்கச் சொல்கிறீர்கள். நாங்கள் மறுப்பதில் சிலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கதவுக்கு டெம்பர்டு கண்ணாடிதான் போடுவோம். வெட்டி, துளையிட்டு, விளிம்பு தேய்த்த கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு இறுகிக்கொள்ளும், உள்ளே இழுவிசை தங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ 4 மடங்கு வலு அதனால்தான் வருகிறது. உடைந்தாலும் கத்திபோல் நீளமாகப் பிளக்காமல் சிறு துண்டுகளாக உதிரும். ஆனால், சூளையைவிட்டு வந்தபின் அதை வெட்ட முடியாது. முயன்றால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும். அளவு தவறினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஜன்னலுக்கு வாங்கி மிச்சமான சாதாரணக் கண்ணாடியை மாட்டித் தரக் கேட்பவர்களும் பொறுத்தருள வேண்டும். ஈரக்கால் வழுக்கும் இடத்தில் அதைப் போட எங்களுக்கு மனம் வராது.

சுவருக்கு வருவோம். டைல்ஸ் ஒட்டினால் அதன் தடிமனுக்கு ஏற்ப அளவு மாறிவிடும்; முன்பே எடுத்த அளவு பொருந்தாது. தூக்குக்குண்டு விட்டால் நேராக நிற்கும் சுவர் அபூர்வம். மேலே, நடுவே, அடியில் என மூன்று இடங்களில் அளந்தால் மூன்றும் வேறுபடும். சறுக்குக் கதவின் பக்கச் சட்டம் சிறு கோணலை மறைத்துவிடும். சட்டமில்லாத கதவில் அதற்கு இடமே இல்லை.

கதவு போட்டாயிற்றா? கீழ்ச்சட்டத்தின் உட்பக்கம் உள்ள சிறு துளைகளைச் சிலிக்கோன் பூசி அடைத்துவிடாதீர்கள். தேங்கும் நீர் தொட்டிக்குத் திரும்ப அவைதான் வழி. அடைத்தால் தரையில்தான் வழியும்.

வாளியும் செம்புமாகக் குளித்துப் பழகிய அப்பா, அம்மா உங்களோடு இருந்தால், முதலிலேயே சொல்லுங்கள். சறுக்குக் கதவு எப்படித் தள்ளினாலும் பாதி தொட்டிதான் திறக்கும். கைத்தாங்கலாக இறக்கிவிட இடம் போதாது. 5 அடித் தொட்டிக்குக் கீலில் திறக்கும் ஒற்றைக் கண்ணாடித் தடுப்பே அவர்களுக்கு நல்லது. கொஞ்சம் நீர் தெறிக்கும், தெறிக்கட்டும். கதவிலுள்ள துவாலைக் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள். அது உடல் எடையைத் தாங்கச் செய்ததல்ல. சுவரில் தனியாக ஒரு கைப்பிடி கட்டாயம் வேண்டும்.

டைல்ஸ் ஒட்டிக் காய்ந்ததும் கடையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தூக்குக்குண்டோடு வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக் கடையினர்,
சுங்கை சிப்புட், பேராக்