லாங்சா போவதற்கு முன்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மருமகளுக்குப் பிரசவம், அதனால்தான் தாமதம். பெண் குழந்தை. மூக்கு மட்டும் என் மூக்கு, பாவம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். செப்டம்பரில் நீயும் உன் கணவரும் ஹிமாச்சலில் இருக்கிற ஸ்பிட்டி மலைப் பள்ளத்தாக்குக்குப் போவதாகவும், ஹோட்டல் கட்டுப்படியாகாது, வீடுகளில் தங்கலாமா என்றும் எழுதியிருந்தாய். தாராளமாகத் தங்கலாம். ஆனால் 'ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டியதெல்லாம் வீடு இல்லை. நானும் உன் அண்ணனும் போனபோது, மணாலியில் செயலியில் படம் பார்த்து முன்பணம் கட்டிவிட்டுப் போய் நின்றோம். கதவைத் திறந்தது வாட்ச்மேன். உள்ளே வரிசையாக எண் போட்ட பன்னிரண்டு அறைகள். வீட்டுக்காரர் சண்டிகரில் இருக்கிறாராம்!

அதிலிருந்து பணம் கட்டும் முன் போன் போட்டு ஒன்றுதான் கேட்பேன்: ராத்திரி யார் சமைப்பார்கள்? 'அம்மா' என்று பதில் வந்தால் நம்பிப் போகலாம். 'மெனு அனுப்புகிறேன்' என்றால் போனை வைத்துவிடு. ஹிமாச்சல் அரசு 2008-லேயே ஹோம்ஸ்டே திட்டம் கொண்டுவந்துவிட்டது. பதிவு செய்த வீடா என்றும் கேட்டுக்கொள்.

மணாலி வழியாகப் போகாதே. நாங்கள் ஒரே நாளில் குன்சும் கணவாயைத் தாண்டி, ஸ்பிட்டியின் பெரிய ஊரான காசாவில் இறங்கி, இரண்டு நாள் தலைவலியோடு போர்வைக்குள் கிடந்தோம். மிச்சம் பிடித்த பணமெல்லாம் மாத்திரைக்குப் போனது. சிம்லா, ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ என்று போனால் உயரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். பியோவிலிருந்து காசாவுக்கு விடிகாலையில் அரசுப் பேருந்து இருக்கிறது. தாபோவில் ஒரு ராத்திரி தங்கு. அங்கே 996-இல் கட்டிய மண்சுவர் மடாலயத்தை விட்டுவிடாதே.

லாங்சா கிராமம் காசாவுக்கு மேலே இருக்கிறது, ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில். நாங்கள் தங்கிய வீட்டில் நடு அறையில் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றி மெத்தை. வறட்டிதான் எரிபொருள். வீட்டுப் பாட்டிக்கு ஹிந்தி அவ்வளவாக வராது, எனக்கும் வராது. 'ஜூலே' என்று கும்பிட்டோம், அப்புறம் சிரித்தே ஓட்டினோம். ராத்திரி துக்பா என்கிற நூடுல்ஸ் சூப், காலையில் ரொட்டி, வெண்ணெய் போட்ட உப்புத் தேநீர். அதைத் தேநீர் என்று நினைத்துக் குடிக்காதே, ரசம் என்று நினைத்துக்கொள், இறங்கிவிடும்.

கழிப்பறையைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ என்னைத் திட்டுவாய். தரையில் ஓர் ஓட்டை, ஓரத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணைத் தள்ள வேண்டும். குளிரில் குழாயெல்லாம் உறைந்துவிடுகிற ஊர் அது. மக்கியது வயலுக்கு எருவாகப் போகிறது. முதல் நாள் நான் சொம்பைத் தேடி அலைந்ததை உன் அண்ணன் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். வாசம்கூட இல்லை, காய்ந்த மலை அல்லவா. குளிக்க ஒரு வாளி வெந்நீர் தருவார்கள், தினமும் கேட்காதே. கிராமத்துப் பிள்ளைகள் நத்தை மாதிரி சுருண்ட கல்லைக் காட்டுவார்கள். இமயமலை கடலாக இருந்த காலத்துப் புதைபடிவம். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு, வாங்காதே.

இன்னொன்று. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 1,200 ரூபாய் கேட்டார்கள். நம் மாட்டுத்தாவணிப் பழக்கம், பேசிப்பேசி 1,000 ஆக்கினேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. மறுநாள் பாட்டியின் மகன் கேஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் காசாவிலிருந்து வந்த வண்டியிலிருந்து இறக்கி, மேட்டில் சுமந்து ஏறினான். நான் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டு பார்த்தேன். கிளம்பும்போது பாதி வெட்கம், பாதி கஞ்சத்தனம். பேசிய பணத்தைத்தான் கொடுத்தேன். பாட்டி கை நிறையக் காய்ந்த பட்டாணியை அள்ளி என் பையில் போட்டாள்.

ஒரு கவர் அனுப்பியிருக்கிறேன். பாட்டி பட்டாணி உரிக்கும்போது எடுத்த படம் உள்ளே இருக்கிறது. அதோடு 800 ரூபாய், இரண்டு பேருக்கு இரண்டு ராத்திரிக் கணக்கு. பாட்டி கையில் கொடுத்துவிடு. பெரிய புத்தர் சிலைக்குக் கீழே, நீல ஜன்னல் வீடு. காசு எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி என்னிடம் இருக்கிறது, வாங்கக் கடைக்குப் போகாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? எழுது.

உன்,
வள்ளி