24 சொற்களைப் படம் பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் நடந்த திருட்டுக்குப் பிறகு, கிரிப்டோவை ஹார்டுவேர் வாலட்டுக்கு (ரகசியச் சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி) மாற்றலாமா என்று பலரும் யோசிக்கிறார்கள். மாற்றலாம், ஆனால் கருவியை வாங்கினால் மட்டும் போதாது.

கருவி வந்த பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் (கருவி தொலைந்தாலும் கிரிப்டோவைத் திரும்பப் பெற உதவும் சொற்கள்; இவை யாரிடம் இருக்கிறதோ அவரே பணத்தை எடுக்கலாம்) முன்கூட்டியே அச்சிட்டு வந்திருந்தால் அது திருடன் அனுப்பிய சரக்கு. ஒரு பைசாகூடப் போடாதீர்கள். 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் கருவியே தன் திரையில் புதிதாகக் காட்ட வேண்டும். வரிசை மாறாமல் தாளில் எழுதுங்கள். செல்போனில் படம் எடுத்தால் அது கூகுள் போட்டோஸுக்கும் போய்விடலாம். அப்புறம் கருவி எதற்கு?

சிறு தொகை போட்டபின் கருவியை ரீசெட் செய்து, தாளை வைத்து மீட்டுப் பாருங்கள். இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். எழுத்துப் பிழை பிடிபடுவதே இங்கேதான். லெட்ஜர் என்ற நிறுவனத்தின் கருவியில் பின் நம்பர் மூன்று முறை தவறினால் கருவியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். சரியான தாள் இருந்தால் கவலையில்லை.

கிரிப்டோ அனுப்பும்போது, பெறுபவரின் வாலட் முகவரியைக் கருவியின் திரையில் முழுதாகப் படியுங்கள். காப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முதலும் கடைசியும் ஒத்துப்போய் நடுவில் வேறாக இருக்கும் போலி முகவரிகளும் உண்டு.

"அப்டேட்டுக்காக 24 சொற்களை டைப் செய்யுங்கள்" என்று மெயிலிலோ தபாலிலோ வந்தால், கிழித்துப் போடுங்கள்.

– வாசகர், கோவை