பி.பி. இல்லாதவருக்கு ஏன் பி.பி. மாத்திரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில் கல்லீரல் சுருக்கம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மது, உப்பு, காமாலை எல்லாம் வந்தன. ஆனால் அந்த நோயாளிகள் என் மருந்துக் கடையில் வந்து சண்டை போடுகிற மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"எனக்கு பி.பி.யே கிடையாது. டாக்டர் ஏதோ ஞாபகத்தில் எழுதிவிட்டார்" என்று பாதி அட்டையைத் திருப்பித் தர வருகிறார்கள். அட்டையில் இருப்பது புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால்; இரண்டும் இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள். மகனோ மருமகளோ செல்போனில் தேடிப் பார்த்திருப்பார்கள். ரத்த அழுத்தம், இதய நோய் என்றுதான் முதலில் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனால், குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே நுழைய வழியின்றி போர்ட்டல் சிரையில் தேங்குகிறது. அங்கே ஏறும் அழுத்தம் கையில் பட்டை சுற்றிப் பார்த்தால் தெரியாது. கையில் 110 காட்டுபவருக்கும் அது இருக்கலாம். தேங்கிய ரத்தம் மாற்று வழி தேடி உணவுக்குழாயின் அடியிலுள்ள சிரைகளைப் புடைக்க வைக்கிறது. அவற்றில் ஒன்று வெடித்தால் ரத்த வாந்தி, உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரைகள் இதயம் தள்ளும் ரத்தத்தைக் குறைப்பதோடு, குடல் பகுதி ரத்தக் குழாய்களையும் சுருக்கிப் போர்ட்டல் சிரைக்கு வரும் ரத்தத்தைக் குறைக்கின்றன.

இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன், புரோப்ரனலால் கையிருப்பில் இல்லாத ஒரு நாள், "எல்லாம் பீட்டா பிளாக்கர்தானே" என்று அட்டெனலால் கொடுத்தேன். மறுநாளே டாக்டர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். அட்டெனலால் பெரும்பாலும் இதயத்தில் மட்டும் வேலை செய்யும்; கல்லீரல் நோயாளிக்கு அது ஈடாகாது. நல்லவேளை, அந்த நோயாளி மாத்திரையைப் பிரிக்கவே இல்லை.

இது ஒன்றும் புதுச் சிகிச்சை அல்ல. பிரான்ஸில் திதியே லெப்ரெக் குழுவினர் 1980களின் தொடக்கத்திலேயே, ஒருமுறை ரத்தம் கக்கியவருக்கு மீண்டும் நேராமல் புரோப்ரனலால் தடுப்பதைக் காட்டினார்கள். 2019இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. போர்ட்டல் அழுத்தம் ஏறியிருந்தும் வயிற்றில் நீர் கோர்த்தல் போன்ற சிக்கல் எதுவும் இன்னும் வராத 201 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம் பேர் அத்தகைய சிக்கலையோ மரணத்தையோ சந்தித்தார்கள். பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களில் 16 சதவீதம்.

எல்லோருக்கும் இது ஆகாது என்பதும் உண்மை. ஆஸ்துமா இருப்பவருக்குக் கூடாது. நோய் முற்றி ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், நிறுத்தவும் செய்வார். மருத்துவர் நிறுத்துவது வேறு. நோயாளி தானாக ஒரே நாளில் விட்டுவிடுவது வேறு.

மருத்துவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான்: மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் 'கல்லீரலுக்காக' என்று தமிழில் ஒரு சொல் எழுதுங்கள். இப்போதைக்கு அதை நான்தான் பேனாவால் அட்டையின் மேல் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.