பாடகியைக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் வாக்ஸ்ஹால் பூங்காவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் அதனுடன் வந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஆங்கில ஓவியர் தாமஸ் ரோலண்ட்சனின் அந்தப் படத்தில் நடுவே நிற்கும் டெவன்ஷயர் சீமாட்டியையும் அவர் தங்கையையும் வைத்துக்கொண்டு, இடப்பக்கத்தை வெட்டிவிட்டீர்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மேலே மாடத்தில், வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று திருமதி வெய்க்செல் பாடுகிறார். கீழே இருப்பவர்களில் பலர் அவரைப் பார்க்கவே இல்லை. ஒருவர் கண்ணாடி வில்லையைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு அந்தச் சகோதரிகளையே பார்க்கிறார். வலப்பக்கம் வேல்ஸ் இளவரசர் நடிகை மேரி ராபின்சனின் காதில் ஏதோ சொல்கிறார். ஒரு ஷில்லிங் கொடுத்தால் உள்ளே போகலாம் என்றிருந்த இடம் அது. பெரிய மனிதர்களை வேடிக்கை பார்க்கவும்தான் ஜனங்கள் வந்தார்கள். பாடகியை எடுத்துவிட்டால், இவர்கள் எதை விட்டுவிட்டு எதைப் பார்க்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்?

மாடத்துக்குக் கீழே சாப்பிடுபவர்களில் எழுத்தாளர்கள் ஜான்சனும் கோல்ட்ஸ்மித்தும் உண்டு என்று குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதியும் வெட்டுப்பட்டதில் போய்விட்டது, சரி. ஆனால் கோல்ட்ஸ்மித் இறந்தது 1774இல். ரோலண்ட்சன் தன் வண்ணப்படத்தை லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் வைத்தது 1784இல். வழிவழியாகச் சொல்லிவரும் பெயர்களை ‘என்பார்கள்’ என்று போடுவதே நல்லது.

இன்னொன்று. நீங்கள் ‘ஓவியம்’ என்று போட்டிருப்பது அந்த வண்ணப்படத்தைப் பார்த்துச் செய்த அச்சுப்படம். அடியில் பொடி எழுத்து கொஞ்சம் தப்பியிருக்கிறது; பூதக்கண்ணாடியை வைத்தால் பொல்லார்டின் பெயரைப் படிக்க முடிகிறது. செம்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்தெடுத்தவர் ராபர்ட் பொல்லார்ட். நிழல்களைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் ஜூக்ஸ். தகட்டில் பிசின் பொடியைப் படியவிட்டுச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் இடுக்குகளில் மட்டும் அமிலம் கடிக்கும். மரங்களுக்கிடையே இருட்டு அவ்வளவு மென்மையாக இறங்குவது இந்த வேலையால்தான். ஜான் ரஃபேல் ஸ்மித் அதை 1785 ஜூன் 28 அன்று வெளியிட்டார். அந்தக் காட்சியை அச்சுப்படமாக ஊரார் வாங்கி வீட்டில் மாட்ட முடிந்தது இவர்களால். ஒரு வரியில் பெயர்களைச் சேர்த்திருக்கலாமே!

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் முழுப் படத்தையும், அடியில் இருக்கும் எழுத்துகளோடு, போடுங்கள். பாடகி தெரியட்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர், கும்பகோணம்