எங்கள் கிளை நூலகத்துக்கு இணையத்தைத் திருப்பிக் கொடுங்கள்: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கட்டணம் பாக்கி என்று எங்கள் கிளை நூலகத்தில் இணையம் நின்று மூன்று மாதம் ஆகிறது. ஏன் நின்றது, எத்தனை மனு கொடுத்தோம், கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன வாரம் வாசகர் வட்டத்திலிருந்து நாலு பேர் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தோம். "லைப்ரரி புத்தகம் படிக்கத்தானே, இன்டர்நெட் எதுக்கு? எல்லார் கையிலயும் செல் இருக்கே" என்று அங்கே ஒருவர் கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

எங்கள் நூலகத்துக்குப் பார்வையற்ற ஒரு தங்கை வருகிறார். பி.ஏ. முடித்துவிட்டு, மத்திய அரசு இணையத்தில் பாடம் நடத்தும் ஸ்வயம் தளத்தில் பொருளாதாரம் படிக்கிறார். பாடத்தைச் செல்லிலேயே கேட்டுவிடுவார், வாராவாரம் பயிற்சியை எழுதி அனுப்பத்தான் அவருக்குக் கணினி வேண்டும். நூலகர் அம்மா தானே தேடிப்பிடித்து திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நூலகத்தின் பழைய கணினியில் போட்டுக் கொடுத்தார். காசில்லாமல் கிடைப்பது, தமிழையும் வாசிக்கும். ஆனால் திரையில் வரைபடம் வந்தால் அதற்கு வாசிக்கத் தெரியாது. அப்போது நூலகர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "கீழ வருஷம், இடது பக்கம் விலை, 2010-க்கு அப்புறம் கோடு கிடுகிடுன்னு ஏறுது" என்று சொல்லச் சொல்ல, அந்தத் தங்கை மேசை மேல் விரலால் கோட்டைப் போட்டுப் பார்ப்பார்.

இணையம் நின்றதிலிருந்து நூலகர்தான் தன் செல்லில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கிறார். உள்ளே சிக்னல் வராது, தெருப்பக்க ஜன்னலில் கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கி அதன் மேல் செல்லைச் சாய்த்து வைத்தால்தான் கொஞ்சம் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. போன செவ்வாய்க்கிழமை மதியமே அது தீர்ந்துவிட்டது, பயிற்சியில் இரண்டு கேள்வி பாக்கி, கெடுவும் அன்றோடு முடிகிறது. நூலகர் தன் காசில் ரீசார்ஜ் செய்து பக்கத்தைத் திரும்பத் திறந்தால் எழுதியது எதுவும் இல்லை, முதலிலிருந்து எழுத நேரமும் இல்லை. அந்தத் தங்கை ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவால்லக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

ஐயா, எங்கள் நூலகத்துக்கு இணைய இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

அவர் ஒருவருக்காக மட்டும் கேட்கவில்லை. மில் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் ஷிப்ட் முடிந்து வருவான், திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத வேண்டுமென்று. நம் அலமாரியில் ஒடியாப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகத்தில் அவன் மொழியில் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று நூலகர் அவனோடு உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றது நின்றதுதான், அந்தப் பையன் இப்போது வருவதே இல்லை. செல் இருக்கிறதே என்பவர்கள், தெரியாததைக் கேட்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதை ஏன் யோசிப்பதில்லை?

நூலகம் வளரும் உயிர் என்று 1931-லேயே எழுதியவர் நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டிலேயே முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி இன்றைக்கும் கட்டுகிறோம், ரசீது என் கையில் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் பெரிய பெரிய நூலகங்கள் எழும்பியிருப்பதில் எங்களுக்கும் பெருமைதான். அங்கே போய்வர பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இல்லாதவர்கள்தான் எங்கள் ஊர் நூலகத்துக்கு வருகிறார்கள். இருக்கிற ஒரே நூலகருக்கும் பக்கத்து ஊர் நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள், வாரத்தில் இரண்டு நாள் அவரும் இல்லை. யாரைக் கேட்டாலும் மேலே எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். அந்த 'மேலே' நீங்கள்தானே, ஐயா?

சரி, கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கியைக் கட்டி இணைய இணைப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தங்கையின் அடுத்த பயிற்சிக்கு வரும் செவ்வாய்க்கிழமைதான் கெடு.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்