ட்ரெயிலர் குசினியின் கவுண்டரும் சிங்கும்: குளிர் தொடங்குமுன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை எங்கள் பட்டறைக்கு, காரில் பூட்டி இழுத்துப்போய்த் தங்கிச் சமைக்கிற ஒரு ட்ரெயிலர் வந்தது. வாங்கி ஐந்து வருடம்தான். வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே மெத்தையும் திரைச்சீலையும் புதுசு போலவே இருந்தன. "குழாய் கொஞ்சம் ஆடுது, இறுக்கித் தாங்கோ" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். குழாயின் பின்பக்கம் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். பாணை அழுத்தினது போல விரல் உள்ளே போனது. குழாயில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தாங்கி நின்ற பலகை ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. நேரத்துக்கு ஒரு குழல் சிலிக்கன் (தண்ணீர் புகாமல் விளிம்பை அடைக்கிற பசை) பூசியிருந்தால் நின்றிருக்க வேண்டிய சேதம் அது. கடைசியில் கவுண்டர் முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த வருடம் இப்படி வந்த நான்காவது வண்டி இது. அதனால்தான் நீங்கள் ட்ரெயிலரைக் குளிருக்கு மூடி வைக்குமுன் இந்த மடலை எழுதுகிறேன்.

கீறல் விழுந்துவிட்டது, கறை பிடித்துவிட்டது என்று கவலையோடு போன் எடுப்பவர்கள் நிறைய. அவை கண்ணில் படுகிற குறைகள், எப்படியும் சமாளிக்கலாம். ஆர்.வி. (இப்படித் தங்கிப் பயணம் போகிற வண்டி) கவுண்டரைக் கொல்வது அதன் விளிம்பால் சத்தமில்லாமல் இறங்குகிற தண்ணீர்தான். வண்டியின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான ட்ரெயிலர்களில் கல் கவுண்டர் போடுவதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல், ஒரு மில்லிமீற்றர் அளவுத் தடிப்பில் லமினேட் தகட்டை ஒட்டியிருப்பார்கள். மேலே தண்ணீர் நின்றாலும் லமினேட் அதை உள்ளே விடாது. ஆனால் சிங்குக்காக வெட்டிய துளையின் ஓரத்தில் பலகை பச்சையாகவே கிடக்கும். அந்த இடத்தில் தண்ணீர் பட்டால் மரத்தூள் உறிஞ்சிப் பொருமும். ஒருமுறை பொருமினால், காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது.

வீட்டுச் சிங்க் ஓரிடத்தில் நிற்கிறது. உங்கள் ட்ரெயிலர் 401 நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீற்றரில் ஓடுகிறது, பிறகு பார்க்குக்குள் கிறவல் ரோட்டில் குலுங்குகிறது. அந்தக் குலுக்கத்தில் சிங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் கிளிப்புகள் தளரும், சிலிக்கன் விளிம்பு மயிரளவு பிளக்கும். மாரியில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை, கோடையில் பூட்டிய வண்டிக்குள் நாற்பதுக்கும் மேல் என்று சூடு ஏறி இறங்குவதும் சேர்ந்து அந்தப் பிளவை இன்னும் திறந்துவிடும்.

ஆகவே முதல் வேலையாக, சிங்கைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சிலிக்கன் எங்காவது எழும்பியிருந்தால் நகம் தட்டுப்படும். குழாயின் பின்பக்கத்தையும் சிங்கின் முன் விளிம்பையும் அழுத்திப் பாருங்கள். பிறகு கீழே கபேட்டைத் திறந்து, டோர்ச் அடித்து, கவுண்டரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருத்த வளையமோ, வீங்கிய ஓரமோ தெரிந்தால் அப்போதே எங்களிடம் சொல்லுங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் கைத் திருப்புளியால் இறுக்கினால் போதும். மெசின் வேண்டாம், மெல்லிய பலகை வெடித்துவிடும்.

சிலிக்கன் மாற்றுவதை நீங்களே செய்யலாம். பலர் விடுகிற பிழை, பழையதன் மேலேயே புதியதைப் பூசுவது. காய்ந்த சிலிக்கனில் புதுச் சிலிக்கன் ஒட்டாது. இரண்டு மாதத்தில் நாடா போல உரிந்து வரும். பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுங்கள். கத்தி வேண்டாம், லமினேட்டில் கோடு விழும். மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோபைல் அல்கஹோலைத் துணியில் நனைத்துத் துடைத்து, ஓர் இரவு நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருக்கப் பூசினால் அந்த ஈரத்தை நீங்களே அடைத்து வைத்ததாகிவிடும். பிறகு விளிம்பின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் குசினிக்கும் குளியலறைக்கும் உரிய சிலிக்கனை ஒரே ஓட்டமாக இழுத்து, ஈர விரலால் ஒருமுறை வழித்து, அது இறுகுமுன் டேப்பை எடுத்துவிடுங்கள். 24 மணித்தியாலம் தண்ணீர் படக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை விளிம்பைப் பார்த்து, பிளந்திருந்தால் மாற்றினால் போதும்.

அடுத்தது சூடு. லமினேட் பொதுவாக 135 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டைச் சிறிது நேரம் தாங்கும். கொதித்த கேத்தலை வைத்தால் உடனே ஒன்றும் நடக்காது. தாளித்த தாச்சியும் தோசைக்கல்லும் 200 பாகையைத் தாண்டியும் இறங்கலாம். அவற்றை நேரே வைத்தால் கீழே இருக்கும் பசை இளகிக் கொப்புளம் எழும்பும், அதைத் திருத்த வழியில்லை. லமினேட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் படலம் சுற்றிய கவுண்டர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அது இதைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். ஒரு தடித்த மரப்பலகையை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அடுப்புக்குக் கண்ணாடி மூடி இருந்தால், அடுப்பு ஆறுமுன் மூடவேண்டாம், சூட்டில் கண்ணாடி தூள்தூளாகச் சிதறும்.

அந்தப் பலகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேசையில் பூட்டுகிற திருவலையைக் கவுண்டர் விளிம்பில் பூட்டித் தேங்காய் துருவுகிறீர்கள் அல்லவா? திருகாணி அழுத்துகிற இடத்தில் லமினேட் வெடித்த இரண்டு வண்டிகள் வந்தன. விளிம்புக்கு மேலும் கீழும் பலகைத் துண்டு கொடுத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் வெளியே பிக்னிக் மேசையில் பூட்டித் துருவுங்கள்.

இனி மஞ்சள். வெள்ளைப் பிளாஸ்டிக் சிங்க் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கவலை. கறிச்சட்டியைக் கழுவியதும் சிங்க் மஞ்சளாகும், சவர்க்காரமோ பேக்கிங் சோடாவோ போட்டதும் அது சிவப்பாக மாறும். போன கோடையில் ஓர் அம்மா பயந்து, "சிங்க் எரிஞ்சு போச்சு" என்று பார்க்கிலிருந்தே அழைத்தார். எரியவில்லை. மஞ்சளின் நிறச்சத்து காரப் பொருள் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அந்த நிறச்சத்து வெறும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் முதலில் சமையல் எண்ணெயைத் துணியில் எடுத்துக் கறையைத் துடையுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மிச்சம் நிற்பதை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறும். ஜன்னல் திரையை விலக்கி, இரண்டு பகல் சிங்கில் வெயில் விழ விடுங்கள். பொறுமையில்லாமல் கம்பிப் பஞ்சால் தேய்த்தால் பளபளப்பு போய், அடுத்த முறை கறை இன்னும் ஆழமாக இறங்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்கில் மஞ்சள் பிடிக்காது. அதற்கு எதிரி உப்பும் பிளீச்சும். இரண்டையும் இரவு முழுக்க அதில் நிற்கவிட்டால் ஊசிமுனை போலத் துளை விழத் தொடங்கும். கழுவித் துடைத்துவிட்டால் போதும்.

எங்கள் ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: கஞ்சி. சோறு வடித்த கொதிகஞ்சியை அப்படியே சிங்கில் ஊற்றாதீர்கள். ட்ரெயிலரின் சிங்குக்குக் கீழே இருப்பது பிளாஸ்டிக் பைப். கையால் இறுக்கும் மூட்டுகளும் ரப்பர் வளையங்களும் அடிக்கடி அந்தச் சூடு பட்டால் தளர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கபேட்டுக்குள் ஒழுகும். அதோடு கஞ்சி போய்ச் சேர்வது கழிவுநீர்த் தாங்கிக்குள். அங்கே ஆறிப் பசையாகி, சுவரில் ஒட்டி, தாங்கி நிறைந்துவிட்டது என்று அளவுகாட்டியைப் பொய் காட்ட வைக்கும். மூன்றாம் நாள் அடிக்கிற மணத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அல்கொன்குவின், சாண்ட்பாங்ஸ் போன்ற ஒன்ராறியோ பார்க்குகளில் தாங்கியை நினைத்த இடத்தில் திறந்துவிடவும் முடியாது, அதற்கென்று இருக்கும் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். கஞ்சியை ஒரு வாளியில் ஆறவிட்டு, அந்த நிலையத்துக்குப் போகும்போது கொண்டுபோய் ஊற்றுங்கள். கறி எண்ணெயைத் தாளால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகு சட்டியைக் கழுவுங்கள்.

இப்போது குளிர். தண்ணீர் உறைந்தால் ஒன்பது வீதம் அளவுக்கு விரியும். சிங்குக்குக் கீழே வளைந்த பைப்பில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்கும். அதைத் தை மாதம் வரை விட்டால் பைப் வெடிக்கும். சித்திரையில் முதல் தண்ணீர் திறக்கும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் கபேட் நனைந்துவிடும். தண்ணீரெல்லாம் வடித்த பிறகு, ஆர்.வி.க்கென்று விற்கும் இளஞ்சிவப்பு அன்டிஃபிரீஸை (பைப் உறையாமல் காக்கும் திரவம்) இரண்டு கோப்பை அளவு சிங்கில் ஊற்றி, தெறித்ததைத் துடைத்துவிடுங்கள். வெள்ளைச் சிங்கில் அந்த நிறம் பிடிக்கும். குழாயில் சுடுதண்ணீர்ப் பக்கம், குளிர்தண்ணீர்ப் பக்கம் இரண்டிலும் இளஞ்சிவப்பு வரும்வரை பம்பை ஓடவிடவும் மறக்கவேண்டாம். காருக்கு ஊற்றுகிற அன்டிஃபிரீஸ் விஷம். குசினிப் பக்கமே அதைக் கொண்டுவராதீர்கள்.

சிங்குக்குக் கீழே பைப் தரைக்குள் இறங்கும் துளையையும் பாருங்கள். விரல் நுழைந்தால் எலி நுழையும். கம்பிப் பஞ்சை அங்கே திணித்து அடையுங்கள், அதற்குத்தான் அது நல்லது.

ஒக்டோபர் நடுவில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பிறகு எங்களுக்கு நெருக்கடி அதிகம், அதற்கு முன் வருபவர்களை ஆறுதலாகக் கவனிக்கலாம். வர முடியாதவர்கள் சிங்கின் விளிம்பையும், கபேட்டுக்குள் கவுண்டரின் அடிப்பக்கத்தையும் டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசில்லை.

அன்புடன்,
உங்கள் பட்டறையிலிருந்து