சந்திப்பை நிறுத்துவது தண்டனையாகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுங்குற்றம் செய்து உயர் பாதுகாப்புச் சிறைக்குப் போனவனை ஆள் வந்து பார்ப்பதும் அவன் போனில் பேசுவதும் எதற்கு, எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் புத்தி வரும் என்று பலர் பேசுகிறார்கள். என் தம்பி அப்படியொரு சிறையில்தான் இருக்கிறான். அவன் செய்தது பெரிய தப்பு, தண்டனையும் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவனை நாங்கள் போய்ப் பார்ப்பதை ஏதோ சலுகை மாதிரிச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அங்கே சந்திப்பு என்றால் நடுவில் தடித்த கண்ணாடி, ஆளுக்கொரு ரிசீவர், பக்கத்தில் காவலர். பேச்சு பதிவாகும், கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள். அதற்கே பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அனுமதி வர வேண்டும், உடம்பெல்லாம் சோதனை முடிய வேண்டும், இவ்வளவும் முடித்துப் போனால் உள்ளே ஏதோ கலாட்டா, இன்று யாரையும் விடமாட்டோம் என்பார்கள், இல்லையென்றால் ஆளையே வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள், அது நமக்கு வாசலில்தான் தெரியும். வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்படித் திரும்பி வருகிறவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. குடும்பத் தொடர்பை அறவே தடை செய்வதை ஒழுங்கு நடவடிக்கையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 43-ஆம் விதி. பாதுகாப்புக்காகக் கட்டுப்படுத்தலாம், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு, தேவையான அளவு மட்டும். வேறு சிறைக்கு மாற்றினால் உடனே வீட்டுக்குத் தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு என்கிறது 68. இவை எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லைதான், ஆனாலும் உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்டவை. மண்டேலா பெயரை வைத்ததிலும் பொருத்தம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஆரம்ப வருடங்களில் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம், அவ்வளவுதான். மனைவியின் கையைத் தொட 1984 வரை, 21 வருடம், காத்திருந்தார்.

சரி, மனிதாபிமானம் வேண்டாம், ஊர் பாதுகாப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வை 2011-ல் வெளியிட்டது. உள்ளே இருந்தபோது யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி கடுங்குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவாக இருந்தது. ஆயுள் முழுக்க உள்ளேயே இருப்பவர்கள் தவிர மற்ற எல்லோரும் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறார்கள், நம் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கப் போகிறார்கள்.

என்னைப் போலச் சொந்தக்காரர் உள்ளே இருக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள். கடிதத்தை விடாதீர்கள். தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள், தாமதமானாலும் முன்பின்னாகக் கிடைத்தாலும் எது விட்டுப்போனது என்று தெரியும். வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். குழந்தைக்குப் பல் விழுந்தது, மாடியில் ஒழுகியது, தங்கை வேலை மாறினாள், இதெல்லாம் எழுதுங்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான். வர முடியாத வாரத்தில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஏமாற்றத்தை அங்கே யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியாது.

அப்புறம், உங்களிடம் ஒரு கோரிக்கை. சந்திப்பு நாள், கொண்டுபோக வேண்டிய ஆவணம், உடைக் கட்டுப்பாடு, ரத்தானால் யாரைக் கேட்பது என்பதை ஒவ்வொரு சிறையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறதா என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கைதியின் அக்கா